சிலுவையைப் பார்த்துப் பாடத்தை எடைபோடுவதா?

அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் உளவியலும் மனித சேவையும் படிக்கப் போவதாக யாராவது சொன்னால் போதும், எதிரே இருப்பவருக்கு நமட்டுச் சிரிப்பு வந்துவிடுகிறது. "அங்கே மன அழுத்தத்துக்கு ஜெபம்தானே மருந்து?" என்பார். விவரம் தெரிந்தவர்கள்கூட இப்படிக் கேட்கிறார்கள். பகுத்தறிவுத் தோரணையில் வருவதால் விசாரித்துச் சொன்னதுபோல இருக்கும். விசாரித்தவர் யாரும் இல்லை.

டேவிட் மையர்ஸ் எழுதிய அறிமுக உளவியல் நூல் உலகில் மிகப் பரவலாகப் படிக்கப்படும் பாடநூல்களில் ஒன்று. மத வாடையே இல்லாத பல்கலைக்கழகங்களிலும் மாணவர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள். அவர் பாடம் நடத்தியதோ மிச்சிகன் மாநிலத்தில், சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த ஹோப் கல்லூரியில். கிறிஸ்தவர் என்றாலே பிற்போக்கு என்று முடிவுகட்டுபவர்களுக்கு இன்னொரு தகவல்: ஒருபாலினத் திருமணத்துக்கு ஆதரவாக, கிறிஸ்தவ நோக்கிலேயே, 2005-இல் ஒரு நூலை இன்னொருவருடன் சேர்ந்து எழுதியவரும் இவர்தான்.

கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் உள்ள ஃபுல்லர் இறையியல் கல்லூரி 1965-இல் உளவியலுக்கெனத் தனிப் பள்ளியே தொடங்கியது. அதன் மருத்துவ உளவியல் முனைவர் படிப்புக்குப் பின்னர் அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரமும் கிடைத்தது. இலினாயின் வீட்டன் கல்லூரியும் அந்த அங்கீகாரம் பெற்றதே. அங்கீகாரம் என்றால் சும்மா இல்லை. புள்ளியியல், ஆய்வுமுறை, உளச் சோதனைகள், மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி எல்லாம் உண்டு. கடைசியில் உரிமத்துக்காக எழுதும் தேசியத் தேர்வும் மற்றவர்கள் எழுதுவதுதான். அதில் விசுவாசத்துக்குக் கருணை மதிப்பெண் கிடையாது.

அப்படியானால் அந்தச் சிரிப்புக்கு அடிப்படையே இல்லையா? இருக்கிறது. மனநோய் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி பாவத்தின் விளைவே, அதற்கு வேதாகமமே போதும் என்று ஜே ஆடம்ஸ் 1970-இல் ஒரு நூலில் வாதிட்டார். அந்த வழியில் போன கல்விநிலையங்கள் உண்டு. லூயிவில் நகரின் தென் பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரி 2005-இல் உளவியலோடு இணைந்த பழைய முறையைக் கைவிட்டு, வேதாகம ஆலோசனைக்கு மாறியது. விசுவாச அறிக்கையில் கையெழுத்து வாங்கும் இடங்களும், மாணவரின் அந்தரங்க வாழ்க்கைக்குச் சட்டம் போடும் இடங்களும் இருக்கின்றன. இவற்றைக் கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் லூயிவில்லின் கணக்கைப் பாசடீனாவின் தலையில் எழுதுவது என்ன நியாயம்?

மனித சேவை என்ற பகுதியிலாவது இந்த ஏளனம் செல்லுபடியாகுமா என்றால், அங்கே நிலைமை இன்னும் மோசம். இந்தியாவில் சமூகப் பணிக்கான முதல் கல்லூரி 1936-இல் மும்பையில் தொடங்கியது. அதுவே இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம். அதன் முதல் இயக்குநர் கிளிஃபோர்டு மான்ஷார்ட், அமெரிக்க மிஷனரி. நாக்பாடாவின் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே சமூக மையம் நடத்தியவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சிஎம்சி) பாகாயம் மனநல மையத்திலோ, நோயாளியைப் பூட்டிவைக்காமல் குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கேற்கச் செய்தார்கள். ஜெபித்துவிட்டு அனுப்பிவிடும் வேலையா இது?

சேர நினைக்கும் மாணவர் கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. அமெரிக்காவில் எந்தப் பல்கலைக்கழகமானாலும், இளங்கலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு உளவியலாளர் உரிமம் வாங்க முடியாது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன், அங்கீகாரம் தந்தது யார், பயிற்சி எந்த மருத்துவமனையில், கையெழுத்துக் கேட்கும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.