கார் மாறலாம், ரிவர்ஸ் மாறலாமா?

பழைய புல்லட் ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். திருவொற்றியூரில் உருவான அந்த மோட்டார் சைக்கிளில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நம் சாலைகளில் ஓடிய மற்ற பைக்குகளில் பெரும்பாலும் இது நேர்மாறு. அப்பாவின் புல்லட்டும் மகனின் நூறு சிசி வண்டியும் ஒரே வாசலில் நின்ற காலத்தில், இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டியவர்களுக்கு ஒரு நாளாவது அது நேர்ந்திருக்கும். குறுக்கே நாய் ஓடிவரும், வலது கால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும், வண்டி நிற்காது. ஓட்டத் தெரியாததால் வந்த தவறு அல்ல அது. யோசிப்பதற்கு முன்பே கால் முந்திக்கொண்டதால் வந்த தவறு. பின்னாளில் ராயல் என்ஃபீல்டும் கியரை இடது காலுக்குக் கொண்டுவந்தது. குழப்பம் தீர்ந்தது.

அதே குழப்பம் இப்போது நான்கு சக்கரங்களில் வந்து நிற்கிறது. வெளியூருக்கு ஒரு பெட்ரோல் கார், ஊருக்குள் ஓட ஒரு மின்சாரக் கார் என்று வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் பெருகிவருகின்றன. காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று. கியர் போடும் விதம், காலை எடுத்தால் வண்டி நடந்துகொள்ளும் விதம், இண்டிகேட்டர் இருக்கும் பக்கம், வைப்பரை இயக்கும் வழி என்று எதுவும் ஒன்றுபோல் இல்லை. மின்சாரக் கார்கள் வரட்டும். நம் நகரங்களின் காற்றுக்காக அவை வந்தே ஆக வேண்டும். ஆனால் உயிரோடு சம்பந்தப்பட்ட அடிப்படைக் கட்டுப்பாடுகள் எல்லாக் கார்களிலும் ஒரே விதமாக இயங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்ய வேண்டும். இதை நிறுவனங்களின் ரசனைக்கு விட்டுவைப்பது தவறு.

இந்தக் குழப்பத்தை அன்றாடம் சுமப்பவர்கள் ஆக்டிங் டிரைவர்களும், வாசலில் வண்டியை வாங்கி நிறுத்தித் தரும் இளைஞர்களும்தான். முகூர்த்த நாளில் ஒரு கல்யாண மண்டப வாசலில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும். ஒரு பெட்ரோல் காரை நிறுத்திவிட்டு ஓடிவரும் இளைஞரின் கையில் அடுத்ததாக ஒரு மின்சாரக் காரின் சாவி விழுகிறது. ஏறி உட்காருகிறார். வண்டி ஸ்டார்ட் ஆனதா இல்லையா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. கியர் இருக்க வேண்டிய இடத்தை இடது கை துழாவுகிறது. அங்கே தண்ணீர் பாட்டில் வைக்கும் குழிதான் இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள தண்டைத் திருகச் சொல்லி யாரோ ஜன்னல் வழியே சொல்கிறார்கள். முன்பக்கம் திருகினால் முன்னே போகுமா, பின்னே வருமா? நாலடி முன்னால் பட்டுப்புடவையில் ஒரு பாட்டி மெல்லப் படியேறிக்கொண்டிருக்கிறார். பின்னால் நிற்கும் கார்கள் ஹாரனை விடாமல் அழுத்துகின்றன. அந்த நிமிடத்தில் அந்த இளைஞரிடம் இருப்பது ஊகம் மட்டுமே.

அவருடைய ஊகம் சரியாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பி.எம்.டபிள்யூ கார்களின் சிறிய கியர் கம்பியை முன்னே தள்ளினால் ரிவர்ஸ், பின்னே இழுத்தால் டிரைவ். ஃபோக்ஸ்வாகனின் ஐ.டி.4 மின்சாரக் காரில் குமிழை முன்னே திருகினால் டிரைவ், பின்னே திருகினால் ரிவர்ஸ். ஹூண்டாயின் அயோனிக் 5 காரும் அப்படியே. டெஸ்லாவின் கதை இன்னும் வேடிக்கையானது என்று சொல்ல மனம் வரவில்லை, கவலைக்குரியது. முந்தைய மாடல் 3 காரில் ஸ்டீயரிங் ஓரத் தண்டைக் கீழே தட்டினால் முன்னே போகும், மேலே தட்டினால் பின்னே வரும். 2023-ல் அந்தத் தண்டையே எடுத்துவிட்டார்கள். இப்போது திரையில் விரலை மேலே இழுத்தால் முன்னே, கீழே இழுத்தால் பின்னே. ஒரே நிறுவனம், ஒரே பெயர் கொண்ட கார், திசை மட்டும் தலைகீழ். இந்தியாவுக்கு 2025-ல் வந்த மாடல் ஒய் காரிலும் கியர் திரையில்தான். பார்க்கிங், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்ற பழைய கியர் வரிசையை மதித்தவர் ஒரு காரணம் சொல்வார். வண்டி போகும் திசையை மதித்தவர் இன்னொரு காரணம் சொல்வார். தனித்தனியாக இரண்டும் நியாயமே. ஒரே ஓட்டுநர் இரண்டையும் ஓட்டும்போதுதான் அது ஆபத்தாகிறது.

கையைவிடக் காலின் குழப்பம் பெரிது. பெட்ரோல் ஆட்டோமேட்டிக் காரில் டிரைவ் போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக மெல்ல நகரும். நம்மவர்கள் நெரிசலில் அதை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். பல மின்சாரக் கார்களில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் மோட்டாரே டைனமோவாக மாறிவிடும். சக்கரத்தின் ஓட்டத்திலிருந்து மின்சாரம் எடுத்து பேட்டரிக்கு அனுப்பும். அந்த இழுப்பில் வேகம் சட்டென்று இறங்கும். ஓட்டுபவர்கள் இதைச் சுருக்கமாக ரீஜென் என்கிறார்கள். அதை உச்சத்தில் வைத்தால் சில கார்கள் பிரேக்கைத் தொடாமலே முழுதாக நின்றுவிடும். ஒரே பெடலில் ஓட்டலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். சுகமான வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சுகத்தில் ஆறு மாதம் பழகிய கால் மறுநாள் பெட்ரோல் காரில் என்ன செய்யும்? சிக்னலில் காலை எடுத்துவிட்டு, வண்டி நிற்கும் என்று காத்திருக்கும். வண்டி முன்னால் இருப்பவரை நோக்கி உருண்டுகொண்டிருக்கும்.

ஒரே காருக்குள்ளும் இந்தப் பழக்கம் நிலையாக இருப்பதில்லை. ஊட்டியில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, காலையில் பேட்டரி நிரம்பிய நிலையில் குன்னூர் வழியாக மலையிறங்குகிறவரை எண்ணிப் பாருங்கள். நிரம்பிய பேட்டரியில் மேற்கொண்டு மின்சாரம் ஏற இடமில்லை. அதனால் ரீஜென் பல கார்களில் வெகுவாகக் குறைந்துவிடும். முந்தைய நாள் சமவெளியில் காலை எடுத்தவுடன் நின்ற அதே கார், இன்று கொண்டை ஊசி வளைவில் காலை எடுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். டேஷ்போர்டில் ஏதோ ஒரு சின்ன எழுத்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். வளைவில் பார்வை அங்கே போகாது, போகவும் கூடாது.

கால் தவறுவது கற்பனை அல்ல. பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிப்பதால் நேரும் விபத்துகளைக் கண்டு கலங்கிய ஜப்பான், அதைத் தடுக்கும் கருவியை 2028 செப்டம்பர் முதல் புதிய ஆட்டோமேட்டிக் கார்களில் கட்டாயமாக்குகிறது. காலின் பிழையை அந்த நாடு ஓட்டுநரின் தனிப்பட்ட குற்றமாக மட்டும் பார்க்காமல், காரின் பொறுப்பாகவும் பார்க்கிறது.

வைப்பர், இண்டிகேட்டர் கதையும் இதுதான். நம் நாட்டு ஹோண்டா, டொயோட்டா கார்களில் இண்டிகேட்டர் வலது பக்கம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் இடது பக்கம். திரும்பும்போது வைப்பர் ஓடினால் சிரித்துவிட்டுப் போகலாம். வைப்பரின் வேகத்தைத் திரையில் தேட வேண்டியிருந்தால் சிரிக்க முடியாது. ஜெர்மனியில் மழையில் டெஸ்லா ஓட்டிச் சென்ற ஒருவர், வைப்பர் வேகத்தை மாற்றத் திரையைப் பார்த்தபோது சாலையை விட்டு விலகி மரங்களில் மோதினார். கார்ல்ஸ்ரூஹே உயர் நீதிமன்றம் 2020-ல் அவருக்கு விதிக்கப்பட்ட அபராதத்தையும் ஒரு மாத ஓட்டத் தடையையும் உறுதிசெய்தது. கைப்பேசியைப் பார்ப்பதும் அந்தத் திரையைப் பார்ப்பதும் ஒன்றே என்பது தீர்ப்பின் சாரம். தண்டனை ஓட்டியவருக்கு. வைப்பரைத் திரைக்குள் வைத்தவருக்கு எதுவும் இல்லை.

திரை எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது என்று பார்க்க, ஸ்வீடனின் வி பிலாகரே கார் இதழ் 2022-ல் ஒரு சோதனை செய்தது. 110 கிலோமீட்டர் வேகத்தில் சில எளிய வேலைகள். பட்டன்கள் கொண்ட 2005-ம் ஆண்டு வால்வோவில் அவற்றை முடிக்க 10 விநாடி பிடித்தது. அதற்குள் கார் 306 மீட்டர் ஓடியிருந்தது. திரையை நம்பிய ஒரு புதிய மின்சாரக் காரில் 44.6 விநாடி; 1,372 மீட்டர். ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேல் கவனம் வேறெங்கோ.

இதையெல்லாம் உலகம் முதல் முறையாகச் சந்திக்கவில்லை. ஆட்டோமேட்டிக் கியர் புதிதாக இருந்த 1950-களில் அமெரிக்கா இதே இடத்தில்தான் நின்றது. ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் கார்களில் ரிவர்ஸ் கடைக்கோடியில், லோ கியரை ஒட்டி இருந்தது. ஃபோர்டில் பார்க்கிங்கை அடுத்து ரிவர்ஸ். கிரைஸ்லர் 1956 முதல் 1964 வரை கம்பியே வேண்டாம் என்று பட்டன்களை வைத்தது. ஃபோர்டு 1958 மாடலாகக் கொண்டுவந்த எட்செல் காரில் கியர் பட்டன்களை ஸ்டீயரிங்கின் நட்ட நடுவில், ஹாரனுக்காகக் கை போகும் இடத்தில் வைத்தார்கள். அந்த ஏற்பாடு ஓராண்டோடு போயிற்று. கியர் வரிசை ஆளுக்கொரு விதமாக இருப்பதன் ஆபத்தை அமெரிக்க வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் 1965-ல் தன் புகழ்பெற்ற ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீடு’ நூலில் சாடினார்.

தீர்வு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நம் அரசுகள் கவனிக்க வேண்டும். அரசு வாங்கும் கார்களுக்குப் பாதுகாப்பு நிபந்தனை விதிக்க 1964-ல் அங்கே சட்டம் வந்தது. அரசுக்கு விற்கும் 1967 மாடல் கார்களில் பி, ஆர், என், டி, எல் என்ற ஒரே வரிசை வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். பெரிய வாடிக்கையாளர் கேட்டதும் நிறுவனங்கள் வழிக்கு வந்தன. 1968 ஜனவரி 1 முதல், முன்கியருக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நியூட்ரல் இருக்க வேண்டும் என்பது எல்லாக் கார்களுக்கும் சட்டமானது. இன்றைய திரைகளும் குமிழ்களும் அந்த வரிசையை எழுத்தில் காப்பாற்றுகின்றன. கை நகரும் திசையைப் பற்றி அந்த விதி பேசவில்லை. அந்த ஓட்டையில்தான் இன்றைய குழப்பம் நுழைந்திருக்கிறது.

ஓட்டை எவ்வளவு பெரிது என்பதை 2016 காட்டியது. தள்ளினாலும் இழுத்தாலும் மீண்டும் நடுவுக்கே வந்துவிடும் கியர் கம்பியால், பார்க்கிங்கில் போட்டுவிட்டோம் என்று நம்பி ஓட்டுநர்கள் இறங்கிவிட, கார்கள் உருண்டோடின. ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் சுமார் 11 லட்சம் கார்களை ஏப்ரலில் திரும்ப அழைத்தது. ஜூன் 19 அன்று நடிகர் ஆன்டன் யெல்சின், லாஸ் ஏஞ்சல்ஸில் தன் வீட்டுச் சரிவுப் பாதையில், அந்தப் பட்டியலில் இருந்த தன் ஜீப்புக்கும் வாசல் தூணுக்கும் இடையில் நசுங்கி இறந்தார். வயது 27. அது மின்சார வண்டி அல்ல. குற்றவாளி மின்சாரம் அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். பழகிய உறுப்பைப் புதுமைக்காக மாற்றுவதுதான் குற்றம்.

“இரண்டு நாளில் பழகிவிடும்” என்பது விற்பனையாளர்கள் சொல்லும் பதில். உரிமையாளருக்குப் பழகலாம். ஒரு நாளில் மூன்று கார் ஓட்டும் ஆக்டிங் டிரைவருக்குப் பழக அந்த இரண்டு நாள் எங்கே இருக்கிறது? சாலையில் எல்லாம் ஒழுங்காகப் போகும்போது புதுப் பழக்கம் கைகொடுக்கும். குழந்தை குறுக்கே ஓடிவரும் கணத்தில் கையும் காலும் பல ஆண்டுப் பழக்கத்துக்குத்தான் திரும்பும். புதுமை செய்ய இருக்கையும் விளக்கும் பாட்டும் இருக்கின்றன. ரிவர்ஸில் புதுமை வேண்டாம்.

செய்ய வேண்டியது கடினமும் அல்ல. கார்களின் பாதுகாப்புக்கு மதிப்பெண் தரும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல், இண்டிகேட்டர், எச்சரிக்கை விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் தொட்டு இயக்கும் தனிக் கட்டுப்பாடு இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று அறிவித்திருக்கிறது. 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள நம் பாரத் என்கேப் இதையும், கூடவே கியர் திசையையும் மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டும். முன்னே என்றால் எல்லாக் கார்களிலும் ஒன்றுதான் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஏ.ஐ.எஸ். என்ற வாகனத் தரநிலையில் எழுத வேண்டும். ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் ரீஜென் மிதமான அளவில்தான் தொடங்க வேண்டும். கூட்டிக்கொள்வது ஓட்டுபவர் விருப்பம். இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் எந்த மின்சாரக் காரையும் ஓட்டலாம் என்றிருக்கும்போது, அந்தப் பெடல் எப்படி நடந்துகொள்ளும் என்பது ஓட்டுநர் பள்ளிப் பாடத்தில் இருந்தாக வேண்டும்.

தமிழக அரசு மத்திய விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் 2017-லேயே 10,000 மின்சாரக் கார்களுக்கு ஒரே டெண்டர் விட்டது. அரசு எவ்வளவு பெரிய வாடிக்கையாளராக முடியும் என்பதற்கு அது சான்று. இங்கே ஸ்ரீபெரும்புதூரில் கிரெட்டா எலக்ட்ரிக் தயாராகிறது. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் ஆலை திறந்திருக்கிறது. அதிகாரிகளுக்குக் கார் வாங்கும் அடுத்த டெண்டரில் கியர் திசைக்கும் பட்டன்களுக்கும் ஒரு நிபந்தனை போட்டால், அமெரிக்காவில் நடந்தது இங்கும் நடக்கும்.

விதி வரும்வரை, மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டியை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது சாவியை மட்டும் நீட்டிவிட்டு மண்டபத்துக்குள் போய்விடாதீர்கள். ரீஜெனைக் குறைத்துவையுங்கள். ரிவர்ஸ் எந்தப் பக்கம், பார்க்கிங் எங்கே, காலை எடுத்தால் வண்டி நிற்குமா உருளுமா என்று அருகில் நின்று இரண்டு நிமிடம் காட்டிக்கொடுங்கள்.