முதுகில் ஓர் ஊசி

 

எங்கள் மதரஸாவில் ஓதும் சிறுமி ஒருத்தியின் தாய் ஐந்து மாதக் கர்ப்பிணியாய் இருந்தபோது வலப்பக்க வயிற்றில் வலி கண்டது. பிள்ளை புரள்கிறது என்று சொல்லி, சுக்குக் கஷாயத்தோடு ஒரு நாள் கழிந்தது. மறுநாள் தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குக் கொண்டு சென்றார்கள். குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே அறுவை செய்ய வேண்டும், முழு மயக்கம் தராமல் முதுகில் ஊசி போட்டு மார்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யலாம் என்றார் மருத்துவர். மாமியார் மறுத்துவிட்டார். "முதுகில் ஊசி போட்டால் பிறகு இவள் குனிந்து ஒரு குடம் தண்ணீர் தூக்குவாளா?" கணவர் சவூதியில். அவருடைய தொலைபேசி அழைப்புக்காக மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள்.

அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றியே உங்களிடம் பேச விரும்புகிறேன். நான் கலைப் பட்டதாரி, மருத்துவம் கற்றதில்லை. கேட்டும் படித்தும் அறிந்ததையே எழுதுகிறேன்.

கர்ப்ப காலத்தில், பேறு சாராத அவசர அறுவைகளுள் குடல்வால் அறுவையே மிகுதி. குடல்வால் உடைந்துவிட்டால் கருவை இழக்கும் அபாயம் பல மடங்கு கூடுகிறது. ஊசியைக் காட்டிலும் தாமதமே அஞ்சத்தக்கது. வயது வந்த பெண் தன் உடலுக்குத் தானே சம்மதக் கையெழுத்திடலாம் என்பதையும் நம் வீடுகளில் பலர் அறிவதில்லை.

முழு மயக்கம் கர்ப்பிணிக்குச் சற்றுக் கடினமானது. தொண்டையின் உட்புறம் வீங்கியிருப்பதால் மூச்சுக்குழாய் செலுத்துவது சிரமம். இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுள் இறங்கக்கூடும். மூச்சு சற்றுத் தடைப்பட்டாலும் பிராணவாயு விரைவில் குறையும். முதுகு ஊசியிலோ தாய் தானே மூச்சு விடுகிறாள். செலுத்தும் மருந்து ஏறத்தாழ இரண்டு மில்லி மட்டுமே. குழந்தையைச் சென்றடைவது மிகச் சொற்பம். தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. அதனால் நிலையான இடுப்பு வலி வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். பிள்ளை சுமந்த இடுப்பு எப்படியும் வலிக்கும். பழி ஊசியின் தலையில் விழுகிறது!

நம் மாவட்டத்து நெய்யூரில் 1838இல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே மருத்துவப் பணி தொடங்கியபோது, அறுவைக்கு மயக்க மருந்து தரும் வழக்கமே உலகில் பரவியிருக்கவில்லை. 1846இல் பாஸ்டன் நகரில் ஈதரைக் கொண்டு அறுவை செய்து காட்டிய பின்னரே அது பரவிற்று. முதுகு ஊசியை 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் கொண்டுவந்தார். அவரும் உதவியாளரும் தங்கள் உடம்பிலேயே அதைச் சோதித்தனர். உதவியாளரின் கணைக்காலெலும்பில் சுத்தியலால் அடித்தும் அவருக்கு வலிக்கவில்லையாம். பியர் பல நாள் தலைவலியால் படுத்துக் கிடந்தார். அந்தத் தலைவலி இன்றும் சிலருக்கு வருகிறது. ஊசிகள் மெலிந்துவிட்டதால் அரிதாகிவிட்டது, மருத்துவமும் உண்டு. இரத்த அழுத்தம் திடீரெனக் குறைவதைத்தான் மருத்துவர்கள் கண்ணும் கருத்துமாய்க் கவனிக்கிறார்கள். ஐந்து மாதத்துக்குப் பின், கருப்பையின் பாரம் பெரிய இரத்தக்குழாயை நசுக்காதிருக்க, தாயை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பார்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. இரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்க்கும், ஊசி போடும் இடத்தில் சீழ்ப்புண் உள்ளவர்க்கும் ஆகாது. சிறுதுளை அறுவைக்குப் பெரும்பாலும் முழு மயக்கமே தருவார்கள். அப்படிச் சொன்னாலும் கலங்க வேண்டாம். வழக்கமாகத் தரும் மயக்க மருந்து எதுவும் மனிதக் கருவில் ஊனம் விளைவிப்பதாக நிரூபிக்கப்படவில்லை. எது, ஏன் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

அந்தச் சகோதரி முதுகு ஊசிக்கே சம்மதித்தார். அறுவை முடியும்வரை உதட்டளவில் ஸலவாத் ஓதிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அல்லாஹ்வின் கிருபையால் மாதம் நிறைந்து ஆண் குழந்தை பிறந்தது. மாமியார் மட்டும், அவர் குடத்துக்குக் குனியும்போதெல்லாம் இன்றும் உற்றுப் பார்க்கிறாராம்.