கரை சேராத குமர்கள்

நம் வீட்டுக் குறையை விருந்தாளி எடுத்துச் சொன்னால் முகம் சுளிக்கிறோம். ஆயினும், சில வேளைகளில் அவர் கண்ணுக்கே சுவரின் வெடிப்பு முதலிற் புலப்படுகிறது. இதற்கு இரண்டு திரைப்படங்கள் சான்று. ஒன்று தூரதேசத்தது, மற்றது நம் யாழ்ப்பாணத்தது.

அமெரிக்காவில், தெற்கு டக்கோட்டா மாநிலத்திலே, லக்கோட்டாப் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட நிலம் பைன் ரிட்ஜ். பீஜிங் நகரிற் பிறந்த குளோயி சாவோ என்ற பெண்மணி அவ்விடத்து மக்களையே நடிக்கச் செய்து, 2015-இல் ஒரு படம் தந்தார். காதலியோடு லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் போகத் துடிக்கிறான் ஓர் இளைஞன். வறுமையும் குடியும் மலிந்த ஊரிலே சின்னஞ்சிறு தங்கையை யாரிடம் விட்டுச் செல்வது? ஈற்றில் அவன் போகவில்லை.

இக்கதை நமக்குப் புதிதன்று. தங்கையரைக் கரைசேர்ப்பதற்காகத் தம் மணத்தைத் தள்ளிவைத்த தமையன்மாரை உடுப்பிட்டியும் அறியும். நம் குமர்களின் துயரைச் சொன்ன படம் 1977-ஆம் ஆண்டின் ‘பொன்மணி’. காவலூர் இராசதுரையின் எழுத்துக்கு உருக்கொடுத்து நெறிப்படுத்தியவர், யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராயிருந்த சிங்களக் கலைஞர் தர்மசேன பத்திராஜா. மூத்தவளுக்குச் சீதனம் கொடுக்க வழியில்லை. இளையவள் பொன்மணியோ வேறு சாதி இளைஞனை விரும்புகிறாள். மங்கலமான முடிவு அப்படத்தில் இல்லை. ஆடம்பரமும் இல்லை. நம்மவர் அதனை அன்று ஆதரிக்கவுமில்லை.

ஒல்லாந்தர் 1707-இற் சட்டமாக்கிய தேசவழமையிலே, சீதனம் என்பது தாய்வழிச் சொத்திலிருந்து மகளுக்கு வந்து, அவளுக்கே உரியதாய் நிற்கும் உடைமை. பெண்ணுக்குக் காப்பாக வந்த அவ்வுடைமை மாப்பிள்ளைக்கு விலையாக மாறியதெப்படி? காணியும் வீடும் போதாமல், ‘நன்கொடை’ என்ற பெயரிலே காசும் கேட்கத் தொடங்கினோம். இன்று வெளிநாட்டு மாப்பிள்ளை வந்ததும் கணக்கு மட்டுமே பெருத்தது, கண்ணீர் குறையவில்லை.

பத்திராஜா 2018-இற் காலமானார். அவர் காட்டிய வெடிப்பு இன்னும் நம் சுவரில் இருக்கிறது. மகனைப் பெற்ற தாய்மாரே, அடுத்த முறை தரகர் வாசலுக்கு வரும்போது, பெண்ணின் படிப்பையும் பண்பையும் கேளுங்கள், ‘என்ன தருவினம்?’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். ஒரு வீட்டார் அப்படிச் செய்தாலும், ஒரு குமரின் தலையிலுள்ள பாரம் இறங்கும்.