கணக்குப் பக்கம்: எத்தனை மீட்டர் முந்தினார்?



திமிரியிலிருந்து சகோதரி ஒருவர் மடல் வரைந்திருக்கிறார். வீட்டில் அன்னையார் ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொண்டிருக்க, அருகிலமர்ந்து குரூப் 4 தேர்வுக்குப் படித்து வருபவர். "ஓட்டப் பந்தயக் கணக்குகளில் மட்டும் என் விடை சிறிதளவு பிசகுகிறது. கூட்டலும் கழித்தலும் சரியாகவே இருக்கின்றன. பிறகு ஏன் தவறுகிறது?" என்பது அவரது வினா.

அத்தேர்வின் 200 வினாக்களில் 25 திறனறிவைச் சார்ந்தவை. வினா ஒன்றுக்கு ஒன்றரை மதிப்பெண். ஒரு வினா தவறினாலும் தரவரிசையில் பலருக்குப் பின்னால் தள்ளப்படும் நிலை உண்டு. ஆகவே, சகோதரியின் ஐயத்தை இம்மாதம் முழுமையாக எடுத்துக்கொள்வோம்.

பொதுவானது நேரமே

சலீம், ரஹீம், கரீம் என்று மூவர். 1000 மீட்டர் ஓட்டத்தில் சலீம் ரஹீமை 100 மீட்டரில் வெல்கிறான். அதே தூரத்தில் ரஹீம் கரீமை 100 மீட்டரில் வெல்கிறான். அப்படியானால் சலீம் கரீமை எத்தனை மீட்டரில் வெல்வான்?

நூறும் நூறும் இருநூறு என்று கை தானாகவே எழுதிவிடும். பிசகு நேர்வது அங்கேதான். சலீம் 1000 மீட்டரை முடிக்கும் வேளையில் ரஹீம் 900 மீட்டரில் இருக்கிறான். ரஹீம் 1000 ஓடினால்தான் கரீம் 900 ஓடுவான். ரஹீம் 900 ஓடும் நேரத்தில் கரீம் ஓடுவது 810 மட்டுமே. எனவே விடை 190 மீட்டர்.

நினைவில் கொள்ளவேண்டியது ஒன்றே. ஓடுபவர்கள் கடக்கும் தூரம் வெவ்வேறு. அவர்களுக்குப் பொதுவானது நேரம். ஒரே நேரத்தில் ஒவ்வொருவரும் எவ்வளவு கடந்தார் என்பதை முதலில் எழுதிவிடுங்கள். 1000, 900, 810 என்று மூன்று எண்களும் வரிசையாய் நின்றுவிட்டால் கணக்கு தானே அவிழும்.

முன்னே நிறுத்துவதா, பின்னே நிற்பதா?

மெதுவாக ஓடுபவருக்குச் சலுகை கொடுத்துப் போட்டியைச் சமமாக்குவது பழைய வழக்கம். ஆஸ்திரேலியாவின் ஸ்டாவெல் நகரில் 1878 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற பந்தயம் இம்முறையைச் சேர்ந்ததே. இன்று அதன் தூரம் 120 மீட்டர். வேகம் குறைந்தவர்கள் அவரவர் திறனுக்கேற்பச் சில மீட்டர் முன்னே நின்று ஓடத் தொடங்குவர்.

நம் ரஹீமை 100 மீட்டர் முன்னே நிறுத்தினால், அவன் 900 மீட்டர் ஓடினால் போதும். சலீமும் அவனும் ஒன்றாகவே கோட்டைத் தொடுவார்கள். மாறாக, ரஹீம் தன் இடத்திலேயே நிற்க, சலீம் 100 மீட்டர் பின்னே சென்று ஓடி வந்தால்? அதுவும் சமம்தானே என்று தோன்றும். அன்று! சலீம் 1100 மீட்டர் ஓடும் நேரத்தில் ரஹீம் 990 மீட்டரே ஓடியிருப்பான். சலீம் இன்னும் 10 மீட்டரில் வெல்வான். சமமாக வேண்டுமென்றால் அவன் ஏறத்தாழ 111 மீட்டர் பின்னே நிற்கவேண்டும். ஏனெனில் அவர்களது வேகம் 10க்கு 9 என்ற விகிதத்தில் உள்ளது. தேர்வில் இவ்விரு வகைகளையும் மாற்றி மாற்றிக் கேட்பார்கள். வினாவை இருமுறை படியுங்கள்.

லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கணக்கு

சில வினாக்களில் தூரத்திற்குப் பதில் நேரத்தைக் கொடுப்பார்கள். இதற்கு உண்மை நிகழ்ச்சி ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில், பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் முதன்முறையாக இடம்பெற்றது. மொராக்கோ நாட்டின் நவால் அல் முத்தவக்கில் 54.61 வினாடிகளில் ஓடி, ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் அரபுப் பெண் என்னும் பெருமையைப் பெற்றார். நம் பி.டி. உஷா 55.42 வினாடிகளில் நான்காவதாக வந்தார். வெண்கலம் பெற்ற ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41.

நவால் உஷாவை எத்தனை மீட்டரில் வென்றார்? நேர வேறுபாடு 0.81 வினாடி. இதை யாருடைய வேகத்தால் பெருக்குவது? பலர் வென்றவரின் வேகத்தால் பெருக்கிவிடுவர். நவால் கோட்டைக் கடந்த பின்னர், எஞ்சிய தூரத்தை ஓடி முடிக்கவேண்டியவர் உஷா. ஆகவே தோற்றவரின் வேகமே தேவை. 400ஐ 55.42ஆல் வகுத்தால் வினாடிக்குச் சராசரியாக 7.22 மீட்டர். 0.81ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 5.85 மீட்டர்.

இதே முறையில் வெண்கலத்திற்கும் உஷாவுக்கும் இடையிலான இடைவெளியைப் பாருங்கள். வினாடியில் நூறில் ஒரு பங்கு. தூரத்தில் 7 சென்டிமீட்டருக்குச் சற்றே மேல். நம் உள்ளங்கையின் அகலம்கூட இல்லை! 400 மீட்டர் ஓடிய கால்கள் அந்த அளவில் பதக்கத்தை இழந்தன.

கேரம் பலகையில்

விளையாட்டுப் புள்ளிக் கணக்குகளும் இதே இனத்தைச் சேர்ந்தவையே. சென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கங்கள் வென்றதை அறிவீர்கள். அந்தக் கேரம் ஆட்டத்தின் 25 புள்ளிகளையே கொள்வோம்.

25 புள்ளி ஆட்டத்தில் பாத்திமா ஆயிஷாவுக்கு 5 புள்ளியும், ஜைனபுக்கு 9 புள்ளியும் சலுகை தரமுடியும். ஆயிஷா ஜைனபுக்கு எத்தனை தரலாம்? ஒன்பதில் ஐந்து போக நான்கு என்பது அவசர விடை. பாத்திமா 25 எடுக்கையில் ஆயிஷா 20, ஜைனப் 16. ஆயிஷா 20 எடுக்க ஜைனப் 16 என்றால், ஆயிஷா 25 எடுக்க ஜைனப் 20. சலுகை 5 புள்ளிகள்.

தையல் ஊசியிலும் இதுவே

சகோதரியே, உங்கள் இல்லத்திலேயே இக்கணக்கு இருக்கிறது. அன்னையார் 50 ஜோடி தைக்கும் நேரத்தில் நீங்கள் 40 ஜோடி தைப்பதாகக் கொள்வோம். 90 ஜோடி வேலை வருகிறது. ஆளுக்கு 45 என்று பிரித்தால் அன்னையார் முன்னரே முடித்துவிட, நீங்கள் பின்தங்குவீர்கள். 50, 40 என்று பிரித்தால் இருவரும் ஒரே வேளையில் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழலாம். வேலை முடியும் நேரமும் முந்தும், உங்கள் படிப்புக்கும் சிறிது பொழுது மிஞ்சும். பந்தயத்தில் முன்னே நிறுத்துவதும் இங்கே வேலையைப் பகிர்வதும் ஒரே விகிதக் கணக்குத்தான்.

பயிற்சிக்கு

200 மீட்டர் ஓட்டத்தில் அப்பாஸ் உமரை 20 மீட்டரில், அதாவது 4 வினாடியில் வெல்கிறான். அப்பாஸ் எடுத்துக்கொண்ட நேரம் என்ன? (உதவி: அந்த 20 மீட்டரை 4 வினாடியில் ஓடுபவன் யார்?)

விடை: 36 வினாடி. வந்த வழியை நீங்களே எழுதிப் பாருங்கள். அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், வட்டப் பாதையில் ஓடுபவர்கள் எங்கே சந்திப்பார்கள் என்பதைக் காண்போம்.