வித்தா, வெயிலா?

மரக்காணத்து உப்பளங்களில் கூலிக்கு உப்பு வாருகின்றவர்களின் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர் இருவர் வழக்காடக் கேட்டேன். "படிப்பு இவர்கள் வித்திலேயே இல்லை" என்றார் ஒருவர். "வித்தைப் பழிக்காதீர், வெயிலும் வறுமையும் மூளையை மழுக்கிவிட்டன. பிள்ளை களிமண்; சூழலே குயவன்" என்றார் மற்றவர். முன்னவர் அகக் காரணக் கட்சி. பின்னவர் புறக் காரணக் கட்சி. ஆயினும், 'நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்ற முடிவில் இருவரும் ஒன்றுபட்டனர். முடிவு இத்துணை வசதியாக அமைந்தால் வாதத்தை ஐயுறுவது அறிவுடையார் கடன்.

மத்ரஸாவில் மன்திக் ஓதியவர்க்கு இது புதிய வினாவன்று. ஒரு விளைவுக்குச் செய்வதாகிய 'ஃபாயில்' வேண்டும். ஏற்பதாகிய 'காபில்' வேண்டும். ஒரே நெருப்பு மெழுகை உருக்குகிறது, களிமண்ணை இறுக்குகிறது. விளைவு நெருப்பினுடையதா, மண்ணினுடையதா என்று கேட்பவன் கேள்வி கேட்கவே கற்றிலன்.

ஐயமிருப்பின் உப்பளத்துக்கே வாருங்கள். உவர்நீர் முற்றிய பாத்திகள் செந்நிறம் கொள்வதுண்டு. அச்சிவப்பில் பங்குடையது 'துனாலியெல்லா சலினா' என்னும் ஓரணுப் பாசி. இயல்பில் அது பச்சை. உப்பும் ஒளியும் மிகும்போது தன்னுள் பீட்டா கரோட்டினைத் திரட்டிச் சிவக்கிறது. உவர்ப்பு தன் நீரை உறிஞ்சாதபடி கிளிசராலையும் ஆக்கிக்கொள்கிறது. நன்னீர்ப் பாசியை அப்பாத்தியில் இட்டால் மடியும். துனாலியெல்லாவை மென்மையான ஒளியில் வளர்த்தால் பச்சையாகவே இருக்கும். சிவப்புக்குக் காரணம் வித்தா, வெயிலா? இரண்டும் கூடியதே காரணம். அன்றியும் அவ்வுயிர் களிமண்போல் வாளா கிடக்கவில்லை. புறத்தே நேர்வதற்கு அகத்தே விடை செய்கிறது.

'அப்படியானால் எதற்கு எத்தனை பங்கு?' என்பர் சிலர். ஒரு பாத்தியின் பரப்பில் நீளத்தின் பங்கு எத்தனை, அகலத்தின் பங்கு எத்தனை? கணக்கறிந்தவர் நகைப்பர். பத்துப் பாத்திகளின் அகலம் சமமாயிருந்தால் மட்டுமே, பரப்பின் வேறுபாடு நீளத்தால் வந்தது எனலாம். ஆகவே வித்துக் கட்சியாரே, உப்பளப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் சோறு, உறக்கம், புத்தகம், ஆசிரியர் அனைத்தையும் முதலில் சமமாக்குங்கள். வித்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

அகக் காரணம் என்றாலே மாற்ற இயலாதது என்பதும் பிழை. 1934-இல் நார்வே மருத்துவர் ஃபோலிங் கண்டறிந்த பினைல்கீட்டோனூரியா பிறவி நோய், மரபில் வருவது, கவனியாது விட்டால் அறிவு வளர்ச்சியைக் குலைப்பது. ஆயினும் பிறந்தவுடன் கண்டறிந்து உணவை மாற்றினால் அக்கேட்டைப் பெரிதும் தடுக்கலாம். காரணம் அகத்தே, மருந்தோ அடுக்களையில்!

உப்பின் கதையும் அதுவே. கடலுப்பில் இயல்பாக உள்ள அயோடின் மிகக் குறைவு. கருவுற்ற தாய்க்கு அயோடின் மிகக் குறைந்தால் சிசுவின் மூளை வளர்ச்சி குன்றும். இதனை உணர்ந்தே அயோடின் சேராத உப்பை நேரடி உணவுக்கு விற்பதை 2006-இல் நம் நாடு தடை செய்தது. ஒரு சிட்டிகையால் தடுக்கத்தக்க கேட்டை ஒரு பரம்பரையின் தலையெழுத்து என்று சொல்லியிருந்தால் எவ்வளவு பெரிய அநீதி!

புறக் காரணக் கட்சியாரும் இறுமாக்க வேண்டா. இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய 'முகத்திமா'வில், கறுப்பு நிறம் ஹாமின் வழியினர்மேல் விழுந்த சாபம் என்ற கதையை மறுத்தார். வெப்பமே காரணம் என்றார். வம்சப் பழியை உடைத்த பெருமை அவருடையது. ஆனால் அதே வெப்பத்தைக் கொண்டு அம்மக்களின் குணத்தையும் இழித்துரைத்தார். வம்சம் போய்த் தட்பவெப்பம் விதியாயிற்று. விலங்கு மாறியது, விடுதலை வரவில்லை. 'வெயில் மூளையை மழுக்கிவிட்டது' என்ற நண்பர் அப்பிழையையே ஆறு நூற்றாண்டுக்குப் பின்னும் ஓதுகிறார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையைப் பார்த்து 'இவன் வித்து இவ்வளவுதான்' என்று எவரேனும் சொன்னால், 'எந்த நீரில், எந்த ஒளியில் வைத்துப் பார்த்தீர்கள்?' என்று கேளுங்கள். 'இவன் சூழல் இவ்வளவுதான்' என்றால், 'அச்சூழலில் ஆசிரியராகிய தாங்களும் ஒரு பகுதியல்லவா?' என்று கேளுங்கள். இவ்விரண்டுக்கும் விடை சொல்லாதவர் அப்பிள்ளைக்குத் தீர்ப்பெழுதும் தகுதி உடையவரல்லர்.