புது டிஸ்கஸ் மூலையில் ஒதுங்கி நிற்கிறதா? மருந்து பாட்டிலைத் தொடாதீர்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை கொளத்தூர் போய், கடை கடையாக ஏறி இறங்கி, பேரம் பேசி ஆறு டிஸ்கஸ் வாங்கி வந்தாயிற்று. ஒரு மீனுக்குக் கொடுத்த காசில் தொட்டி நிறைய கப்பி வாங்கியிருக்கலாம். கடையில் தட்டு தட்டாகச் சிவப்பும் நீலமுமாக மின்னிய மீன்கள், வீட்டுத் தொட்டியில் விட்ட பத்தாவது நிமிடம் கறுத்துப்போய், ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிந்துகொண்டு மூலையில் நிற்கும். “அப்பா, மீனு செத்துருமா?” என்று பிள்ளை கேட்கும். அப்பா உடனே கடைக்காரருக்கு போன் போடுவார். சாயங்காலத்துக்குள் நீல மருந்து, மஞ்சள் மருந்து, கைநிறைய உப்பு எல்லாம் தண்ணீரில் கலந்திருக்கும்.

டிஸ்கஸ் பல வீடுகளில் முதல் வாரத்தைத் தாண்டாமல் போவதற்கு இந்தப் பதற்றமும் ஒரு காரணம்.

அமேசான் படுகையில், மெதுவாக ஓடும் வெதுவெதுப்பான தண்ணீரில், மூழ்கிய மரக்கிளைகளுக்கு நடுவே கூட்டமாக வாழும் மீன் இது. பயந்தால் நிறத்தை அடர்த்தியாக்கி, உடலில் செங்குத்தான கறுப்புப் பட்டைகளைக் காட்டி நிழலோடு நிழலாகிவிடும். அது நோயல்ல, ஒளிந்துகொள்ளும் வழி. (பிஜியன் பிளட் வகையில் பட்டைகள் வராது, கரும்புள்ளிகள்தான் கூடுதலாகத் தெரியும்.) இடம் பழகியதும் நிறம் தானாகத் திரும்பும். சிலவற்றுக்கு ஒரு நாள் போதும், சிலவற்றுக்கு ஒரு வாரம் ஆகும்.

கவர் வீட்டுக்கு வந்ததும் முதலில் தொட்டி விளக்கை அணையுங்கள். மூடிய கவரை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டால் இரண்டு தண்ணீரின் சூடும் சமமாகும். அடுத்த வேலை, மீன் எவ்வளவு நேரம் கவரில் இருந்தது என்பதைப் பொறுத்தது. ஒரு மணி நேரப் பயணம் என்றால், கவரைத் திறந்து தொட்டித் தண்ணீரைச் சிறு டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அரை மணி கழித்து வலையால் எடுத்து விடலாம்.

பார்சலில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்த மீனுக்கு இதே முறை ஆபத்து. மூடிய கவருக்குள் மீன் விடும் கரியமில வாயு தண்ணீரை அமிலமாக்கும். அந்த அமிலத்தில், கழிவிலிருந்து வரும் அம்மோனியா அதிகம் தீங்கு செய்யாத வடிவத்தில் அடங்கிக் கிடக்கும். கவரைத் திறந்ததும் வாயு வெளியேறும், பி.ஹெச் ஏறும், அடங்கிக் கிடந்த அம்மோனியா விஷமாகும். அந்தத் தண்ணீரிலேயே மீனை மணிக்கணக்கில் வைத்தால் செவுள் வெந்துவிடும். சூடு சமமானதும் கவரைத் திறந்து, தாமதிக்காமல் மீனை மாற்றிவிட வேண்டும். எந்த முறையானாலும் கவர் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

நேராகப் பெரிய தொட்டியில் விடலாமா? விடக் கூடாது. மூன்று, நான்கு வாரம் தனித் தொட்டி அவசியம். கல், மணல் எதுவும் வேண்டாம். ஹீட்டர், மறைந்துகொள்ள ஒரு மண்பானை, பழைய தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்தால் போதும். கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் இருக்கிறது. அதைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிடும். அனுபவசாலிகள் கடைசி வாரத்தில் பழைய மீன்களில் ஒன்றைப் புதியவற்றோடு விட்டுப் பார்ப்பார்கள். ஒருவருக்குப் பழகிய கிருமி இன்னொருவருக்கு ஆகாமல் போகலாம். வம்பு என்றால் இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது அக்கம்பக்கம். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி சூடு வேண்டும். இதில் கோல்டு ஃபிஷ் வாடிப்போகும், நியான் டெட்ராவுக்கும் நாளடைவில் ஒத்துவராது. கார்டினல் டெட்ரா, ரம்மிநோஸ், ஸ்டெர்பாய் கோரிடோராஸ் தாங்கும். டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும். ஏஞ்சல் சாப்பாட்டில் முந்திக்கொள்ளும். பாசியைத் தின்னட்டும் என்று நம் வீடுகளில் வளர்க்கும் சக்கர் ஃபிஷ்தான் பெரிய வில்லன். ராத்திரியில் டிஸ்கஸின் தட்டையான உடம்பில் ஒட்டிக்கொண்டு வழவழப்பைச் சுரண்டித் தின்னும். அந்த வழவழப்பு டிஸ்கஸுக்குக் கவசம் மட்டுமல்ல, தாய்ப்பாலும்கூட. குஞ்சுகள் பொரித்து நீந்தத் தொடங்கியதும் தாய், தகப்பன் இரண்டின் உடம்பிலும் ஒட்டி அதைத்தான் தின்று வளரும்.

இரண்டு டிஸ்கஸ் மட்டும் வாங்கினால் வலுத்தது இளைத்ததை விரட்டிக்கொண்டே இருக்கும். ஐந்தாறு இருந்தால் அந்த அடி பங்கு போட்டுப் போய்விடும். அதற்கு நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரமாவது தொட்டி வேண்டும். புதியவற்றை விடும் நாளில் மரத்துண்டு, செடிகளை இடம் மாற்றி வையுங்கள். பழைய ரவுடிக்கும் அன்று வீடு புதுசாகிவிடும்.

சென்னையில் மே மாதம் ஹீட்டருக்கு வேலை இருக்காது, மார்கழி ராத்திரியில் இருக்கும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால், கரன்ட் போனால் ஓட ஒரு பேட்டரி ஏர் பம்ப் வாங்கி வைப்பது நல்லது.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது வேறு அறிகுறிகளுக்கு. மூச்சு வேகமாவது, ஒரு செவுளை மட்டும் மூடி வைத்திருப்பது, நூல்போல வெள்ளைக் கழிவு, நெற்றிச் சதை வற்றுவது. அப்போதும் மருந்துக்கு முன் டெஸ்ட் கிட்டை எடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால், குளோரின் நீக்கிய, அதே சூட்டில் உள்ள தண்ணீரால் கால் பங்கை மாற்றுங்கள். பிறகும் வெள்ளைக் கழிவு தொடர்ந்தால், மீன் நோய் தெரிந்தவரிடம் காட்டித்தான் மருந்து.

முதல் நாள் சாப்பாடு வேண்டாம். வளர்ந்த, ஆரோக்கியமான டிஸ்கஸ் நாலைந்து நாள் பட்டினி தாங்கும். குட்டிகளை அவ்வளவு நாள் விடக் கூடாது. இரண்டாம் நாள் மாலை மங்கிய வெளிச்சத்தில், உறைய வைத்த பிளட்வார்மைத் துளி கரைத்து விடுங்கள். பெரிய தொட்டிக்கு மாறிய பிறகு, டெட்ராக்களுக்கு ஒரு பக்கம் போட்டு அவற்றை அங்கே இழுத்துவிட்டு, மறுபக்கம் டிஸ்கஸுக்குப் போடலாம். தொட்டிக்கு முன்னால் நின்று எட்டிப் பார்க்காமல், நாலடி தள்ளி உட்காருங்கள். ஒன்று மட்டும் மெல்ல வெளியே வந்து, புழுவை வாயில் எடுத்து, துப்பி, மறுபடி எடுக்கும். மற்றவை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, விளக்கை அணையுங்கள்.