எடைபோட்டால் தறி நின்றுவிடாது

“நீதிபதிகளிடம் கணக்குக் கேட்டால் நீதித்துறையின் சுதந்திரம் போய்விடும்.” ஒரு நீதிபதி மீது புகார் எழும்போதெல்லாம் இந்த வாதமும் கூடவே எழுகிறது. சட்டம் படித்தவர்கள் சொல்வதால் பலர் நம்பிவிடுகிறார்கள். நான் நம்பவில்லை.

காஞ்சிபுரத்தில் கூலிக்கு நெய்பவர் வீட்டைப் பாருங்கள். முதலாளி பட்டையும் ஜரிகையையும் எடைபோட்டுக் கொடுக்கிறார். சேலையை அறுத்துக்கொண்டு போனால், மறுபடி தராசில் வைத்துக் கணக்குப் பார்க்கிறார். ஆனால் தறிக்குழியில் உட்கார்ந்து கோர்வை போடும்போது, நாடாவை இப்படி வீசு என்று யாரும் கையைப் பிடிப்பதில்லை. நீதிபதிக்கும் இதுவே பொருந்தும். தீர்ப்பு தவறென்றால் மேல்முறையீடு இருக்கிறது. அதற்காக அவரை விசாரிக்கக் கூடாது. சொத்து, நிலம், அலுவலகச் செலவு எல்லாம் நடத்தை. அதைக் கேட்பது தீர்ப்பில் கைவைப்பதாகாது.

அரசு இதைப் பழிவாங்கப் பயன்படுத்தும் என்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. 1973இல் ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என்.ராய் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். நெருக்கடி நிலையின்போது அரசுக்கு எதிராகத் தனித்து நின்று தீர்ப்பெழுதிய எச்.ஆர்.கன்னாவுக்கு 1977இல் அந்தப் பதவி மறுக்கப்பட்டது. அதனால் தராசு அரசின் கையில் இருக்கக் கூடாது. தராசே வேண்டாம் என்பது அதிலிருந்து எப்படிக் கிடைக்கும்?

அரசமைப்புச் சட்டத்திலேயே பதவி நீக்க வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, குடியரசாகி 75 ஆண்டுகளில் அந்த வழியில் ஒரு நீதிபதிகூட நீக்கப்படவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை உயர்ந்த வி.ராமசாமி மீது சுமத்தப்பட்ட 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானதாக நீதிபதி சாவந்த் குழு சொன்னது. 1993 மே மாதம் மக்களவையில் பதவி நீக்கத் தீர்மானத்துக்கு ஆதரவாக 196 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. காங்கிரசாரும் கூட்டாளிகளுமாக 205 பேர் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள், தேவையான பெரும்பான்மை கிடைக்காமல் தீர்மானம் தோற்றது. குற்றமா இல்லையா என்பதைக் கட்சிக் கணக்கு தீர்மானித்தது. சுதந்திரத்துக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து மாவட்டத்துக் கதை இன்னும் வருத்தமானது. திருவள்ளூர் மாவட்டம் காவேரிராஜபுரத்தில் அரசு நிலத்தை ஆக்கிரமித்ததாக நீதிபதி பி.டி.தினகரன் மீது புகார் வந்தது. அவர் மறுத்தார். மாநிலங்களவைத் தலைவர் அமைத்த குழு விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, 2011 ஜூலையில் பதவி விலகினார். விசாரணை அத்தோடு நின்றது. புகார் உண்மையென்றால் கிராமத்துக்கு நீதி கிடைக்கவில்லை. பொய்யென்றால் அந்த நீதிபதியின் பெயர் துடைக்கப்படவில்லை. கணக்குக் கேட்கும் முறை சரியாக இல்லாவிட்டால் நேர்மையான நீதிபதிக்கும் நஷ்டம்தான்; இதை யாரும் பேசுவதில்லை.

நீதித்துறை தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளும் என்பது இன்னொரு பதில். 1999இல் ஏற்கப்பட்ட உள்விசாரணை முறை, நீதிபதிகளே தங்களுக்கு வகுத்துக்கொண்டது. அந்தக் குழுக்களின் அறிக்கைகள் வழக்கமாக வெளியே வருவதில்லை. வெளியே தெரியாத கணக்கை யார் ஏற்பார்கள்?

எல்லாம் வெளியே வந்தால் மக்கள் மதிப்பு குறைந்துவிடுமாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தன் 33 நீதிபதிகளில் 21 பேரின் சொத்து விவரங்களை இணையதளத்தில் வெளியிட்டது. எந்த வழக்கும் அதனால் நிற்கவில்லை.

கணக்குக் கேட்பது நமக்குப் புதிதுமல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்குப் போனால், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து ஊர்ச்சபை விதிகளைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலைத் தேர்தலுக்கு நிற்க முடியாது. அவருடைய உறவினரும் நிற்க முடியாது. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களின் சபை அது; உறவினரைத் தண்டித்ததும் நியாயமில்லை. ஆனாலும் 919இல் எழுதிய விதி போதாதென்று கண்டதும் 921இலேயே திருத்திவிட்டார்கள். நம் நீதிபதிகள் விசாரணைச் சட்டம் 1968இல் வந்தது. அதை மாற்ற வந்த மசோதா 2012இல் மக்களவையில் நிறைவேறி, 2014இல் காலாவதியானது.

அரசும் கட்சிகளும் கைவைக்க முடியாத ஒரு நிரந்தர விசாரணை அமைப்பு வேண்டும். தீர்ப்பு பற்றிய புகாரை அது தொடவே கூடாது. நீதிபதி பதவி விலகினாலும் விசாரணை முடிந்து, அறிக்கை வெளிவர வேண்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இதைக் கேளுங்கள்.